பெல்ட்டை நீட்டும் கை

கை நீள்கிறது, இடப்பக்க இருக்கையின் தோளுக்குப் பின்னாலிருந்து, மெலிந்த கறுப்புப் பிளாஸ்டிக் கை, சீட் பெல்ட்டை நுனியில் பிடித்து முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது, இந்தா வாங்கிக்கொள் என்பதுபோல, இருக்கையிலோ யாருமில்லை, கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கை தன் கூட்டுக்குள் திரும்பிவிடுகிறது, உடனே மணி அடிக்கத் தொடங்குகிறது, பெல்ட் போடாதவரைக் கண்டிக்கும் மணி, நான் ஸ்டியரிங்கின் முன்னால் என் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பக்கத்து இருக்கையைப் பார்க்கிறேன், காலியான இருக்கையில் இந்த வண்டி யாரைப் பார்க்கிறது என்று தெரியவில்லை. பழைய கார்களை ஓட்டிப் பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு, ஒரு கோளாறின் காரணம் தெரியாமல் அந்த வண்டியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை, இதில் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏனுங்க்கா, பேய் கீய் ஏதாச்சும் உக்காந்திருக்குமுங்களா, என்கிறார் ஜன்னலில் கையூன்றி நிற்கும் ஜபருல்லா, அவிநாசி ரோட்டில் பழைய வெளிநாட்டுக் கார்கள் விற்பவர், பேய்க்கு எடை கிடையாது பாய், எடையில்லாமல் இது மணி அடிக்காது என்கிறேன், அப்ப குண்டுப் பேய்ங்க்கா, என்று அவர் சிரிக்கிறார், பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு கிளிப் வாங்கி பெல்ட் மாட்டற ஓட்டையில சொருகிட்டா தீந்துதுங்க, ஊர்ல பாதி வண்டி அப்படித்தானுங்க ஓடுது, என்கிறார். அது மணியை நிறுத்துவது இல்லை பாய், ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட்டும் போட்டிருக்கிறார் என்று வண்டியிடம் பொய் சொல்வது, நாளைக்கு நிஜமாகவே ஒருவர் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்தாலும் அது வாயைத் திறக்காது. பொய்யைப் பழக்கிவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று சேர்த்துச் சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை, ஏனென்றால் இது பூபதியின் வண்டி, பூபதி என் கணவராக இருந்தவர்.

ஜெர்மன் கம்பெனி ஒன்றின் இரண்டு கதவுக் கார் இது, கூப்பே என்பார்கள், முன்னால் இருவர் ராஜாவும் ராணியும்போல உட்காரலாம், பின்னால் இருக்கை என்ற பெயரில் இரண்டு குழிகள் இருக்கும், பின்னால் இருப்பவருக்குக் கதவு கிடையாது, பக்கத்திலுள்ள சின்னக் கண்ணாடி திறக்கவும் திறக்காது. இதன் மூன்று தலைமுறைகளையும் பழையதாக வாங்கலாமா என்று பத்திரிகைக்கு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், மூன்றையும் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான், மூன்றையும் பூபதி வாங்கினார், மூன்றிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன், முதல் தலைமுறையில் பின்குழியில்.

அது வெள்ளி நிறம், ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் பூசை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினோம், பழைய வண்டியானாலும் நமக்குப் புதுசுதானே என்றார் பூபதி, அத்தை, அவருடைய அம்மா, கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஏண்டா பூபதி, சீல கட்டிக்கிட்டு இந்தப் பொந்துக்குள்ள எப்படிடா நொழையறது, என்றார், பெரியவர்கள் பின்னால் உட்காருவதும் முறையில்லை, ஆகவே அத்தை முன்னால், நான் பின்னால். முன் இருக்கையின் அடியில், கதவுப் பக்கமாக, ஒரு நெம்புகோல் இருக்கிறது, அதைத் தூக்கினால் முதுகு மடங்கும், இருக்கை மொத்தமும் தண்டவாளத்தில் முன்னால் ஓடும், அந்த இடைவெளியில் உடம்பைக் கோணிக்கொண்டு நுழைய வேண்டும், பிறகு இருக்கை பின்னால் வந்து என் முழங்காலைத் தொட்டு நின்றுகொள்ளும், எளிமையான வேலைப்பாடு, எல்லாம் இரும்பும் ஸ்பிரிங்கும், இன்றைக்கும் அந்த முதல் தலைமுறையில் கெட்டுப்போகாத ஒரே பாகம் அதுதான், வாங்குகிறவர்கள் வயர்களின் மேலுறை பொடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நெம்புகோலை நான் அவ்வளவு நன்றாக அறிவேன், ஆனால் உள்ளே இருப்பவளுக்கு அது எட்டாது, வெளியே நிற்பவர் தூக்க வேண்டும், ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கிறது, குழந்தை வேண்டி நாங்கள் போய்வந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரி, பூபதி டோக்கன் வாங்க ஓடிவிட்டார், அத்தை இறங்கிச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நடக்கிறார், கதவு மூடிவிட்டது, நான் கண்ணாடியைத் தட்டுகிறேன், வெயில் ஏறுகிறது, தூரத்தில் அத்தை ஒரு நர்ஸிடம் எதையோ கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார், அடக் கண்ணு, உன்னைய மறந்தே போயிட்டனே, நோயாளியவே வுட்டுட்டு நாம்பாட்டுக்குப் போறம் பாரு, என்று சிரித்துக்கொண்டே வருகிறார், நோயாளி என்று சொன்னதை நான் அந்த மூடிய கண்ணாடி வழியாகக் கேட்டேனா, அவருடைய உதடுகளைப் பார்த்து நானே சேர்த்துக்கொண்டேனா, இப்போது தெரியவில்லை, கனவிலும் அந்தக் கண்ணாடியைத் தட்டியிருக்கிறேன், கனவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் தலைமுறை வந்தபோது அத்தை இல்லை, முன் இருக்கை எனக்கு வந்தது, கருநீல வண்டி, நெம்புகோலுக்குப் பதில் மோட்டார், இருக்கை முன்னால் நகர்வதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம், பின்சக்கரத்து வளைவில் துரு பிடிக்கும், வாங்காதீர்கள் என்றே எழுதப்போகிறேன். ஆனால் இருக்கையின் தோலுக்கு அடியில் எடை அறியும் தாள் முதன்முதலில் வந்தது இதில்தான், மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதற்குள் புள்ளி புள்ளியாகத் தொடுமுனைகள், மேலே எடை விழுந்தால் புள்ளிகள் ஒன்றையொன்று தொடும், எத்தனை புள்ளி தொடுகிறது என்பதை வைத்து ஆள் இருக்கிறாரா என்று வண்டி முடிவு செய்யும், அதற்கு முன்னால் காலி இருக்கை என்பது எப்படி இருக்கும் என்று ஒருமுறை அதற்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதோடு ஒப்பிட்டுத்தான் எல்லாம். உழவர் சந்தையில் சுரைக்காய்ப் பையை அதில் வைத்துவிட்டு நான் ஏறுவதற்குள் மணி அடிக்கும், பூபதி விழுந்து விழுந்து சிரிப்பார், சுரைக்காய்க்குப் பெல்ட்டப் போடு அம்மிணி, என்பார், நான் நடுரோட்டில் நின்றபடியே அவருக்குத் தாளையும் புள்ளியையும் விளக்குவேன், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார், கேட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். இனி முயல்வதில் பயனில்லை என்று டாக்டர் சொன்ன மாதம், ஆழியாறு தாண்டி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம், நான்தான் கேட்டேன், ஏனுங்க, ஒரு குழந்தைய எடுத்து வளத்தலாமுங்களா, அவர் வளைவு ஒன்றைத் திருப்பி முடித்துவிட்டு, ரெண்டு கதவு வண்டில கொழந்தைய எங்க உக்கார வெப்ப, என்று சிரித்தார், நான் சிரிக்காததைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார், இங்க பாரு அம்மிணி, எனக்குக் கொழந்த வேண்டாம், என்னைக்குமே வேணும்னு இருந்ததில்ல, அம்மாவுக்காகத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சது, எனக்கு நீ போதும், என்றார். கீழே அணைத்தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது, எத்தனை ஊசி, எத்தனை வெறும் வயிற்று விடியல், அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கி அமைதியாயிற்று, குறை என்னுடையது மட்டும் இல்லை, இது நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு, அதற்குப் பிறகு யார் கேட்டாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன், எங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாம் தலைமுறையில்தான் இந்தக் கை. கதவு நீளம் என்பதால் பெல்ட் தொங்கும் தூண் உங்கள் தோளுக்கு வெகுவாகப் பின்னால் போய்விடுகிறது, கழுத்தைத் திருப்பித் துழாவ வேண்டும், அதற்காகத் தூணுக்குள் ஒரு சின்ன மோட்டாரும் கையும் வைத்தார்கள், கதவு மூடியதும், தாளில் எடை தெரிந்ததும், கை பெல்ட்டை எடுத்துக் கொடுக்கும். முதல் நாள் அது நீண்டபோது நான் திடுக்கிட்டுவிட்டேன், பாரு, மகாராணிக்கு வேலைக்காரன் வந்துட்டான், என்றார் பூபதி, மிக நல்ல வண்டி, மூன்றில் இதைத்தான் வாங்கச் சொல்வேன், எஞ்சின் தூங்கும் குழந்தை மூச்சு விடுவதுபோல, இல்லை, இந்த உவமையை எடுத்துவிடுகிறேன். அந்த இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன், அவர் சொன்னார், சண்டை ஒண்ணுமில்ல, வேற யாரும் இல்ல, எனக்குத் தனியா இருக்கோணும்போல இருக்கு, என்று, கோர்ட்டுக்கும் இதே வண்டியில்தான் போனோம், கை எனக்குப் பெல்ட்டை நீட்டியது, வாங்கிப் போட்டுக்கொண்டேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தேன். எல்லாம் போன பிறகும் மலைப்பாதையில் சொன்ன அந்த வாக்கியம் என்னிடம் இருந்தது, அவருக்கும் குழந்தை வேண்டாம், அது பொய்யில்லை, அதை வைத்துக்கொண்டுதான் தனியாக இருந்தேன், அது மட்டும் நிற்கிறவரை என் பழைய வாழ்க்கையில் ஒரு சுவராவது நிற்கிறது என்று.

டிங், டிங், மணி. பெல்ட் பூட்டைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது, தரைவிரிப்புக்கடியில் தண்ணீர் இறங்கியிருந்தால் இணைப்புகள் பச்சை பூத்திருக்கும், பூக்கவில்லை. பிறகு இருக்கையைத் தடவினேன், புதுத் தோல், உறை போட்டு அதிக நாளாகவில்லை, தையலை இறுக்கி இறுக்கி இழுத்திருக்கிறார்கள், ஜெர்மன்காரன் போட்ட நல்ல தோலின் மேல் நம் ஊரில் இன்னொரு தோல் தைத்துப் போட்டால்தான் மனசு ஆறும், ஆனால் வலப்பக்க இருக்கையில் உறை இல்லை, இடப்பக்கத்துக்கு மட்டும் எதற்கு. விக்கறதுக்கு முன்னால தெச்சுப் போட்டாருங்க போல, என்றார் ஜபருல்லா, என்னைப் பார்க்காமல். கதவைத் திறந்தேன், டாஷ்போர்டின் பக்கவாட்டில், கதவு மூடினால் மறைந்துவிடும் இடத்தில், ஒரு சாவித்துளை உண்டு, இடப்பக்க ஏர்பேக்கை அணைத்து வைக்க, பெரும்பாலான சொந்தக்காரர்களுக்கு அது இருப்பதே தெரியாது, அது அணைத்த பக்கம் திரும்பியிருந்தது. அதைத் திருப்புவதற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது, காற்றுப்பை வெடித்தால் பெரியவரைக் காப்பாற்றும், குழந்தை இருக்கையில் இருப்பதைக் கொன்றுவிடும், இதை நான் எத்தனை கட்டுரையில் எழுதியிருக்கிறேன், குனிந்து பார்த்தேன், முன்னாலிருக்கும் பெட்டியின் மூடியில் உதைத்து உதைத்து ஏற்பட்ட அரைவட்டக் கீறல்கள், ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அகலம்.

பாய், என்றேன். அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சனுங்க்கா, பையனுங்க, இப்பத்தான் நடக்கறான், வீட்டுல இன்னொண்ணு வரப்போகுதுங்களாம், அதானுங்க நாலு கதவு வண்டிக்கு மாறறாரு, என்றார், சொல்லி முடித்துவிட்டு டீ சொல்றேனுங்க என்று நகர்ந்தார், டீ சொல்லப் போனவர் திரும்பி வரவில்லை. நான் காலி இருக்கையின் பக்கத்தில் உட்கார்ந்து பூபதிக்குப் போன் செய்தேன், ஏனுங்க, உங்க வண்டிதான் பாக்கறேன், எடப்பக்கம் மணி அடிக்குதுங்க, என்றேன், அந்தப் பக்கம் யாரோ மழலையில் எதையோ கத்தினார்கள், கதவு சாத்தும் சத்தம், நீயா பாக்கற, ஆமா, கொஞ்ச நாளா அடிக்குது, கிளிப் போட்டு வெச்சிருந்தேன், என்றார். கொழந்தை சீட்டு எத்தனை காலம் வெச்சிருந்தீங்க. ரொம்ப நாளா இருந்துச்சு, என்றார். பின்னால வெக்காம முன்னால ஏன் வெச்சீங்க. ரெண்டு கதவு வண்டில பின்னால குனிஞ்சு குனிஞ்சு தூக்கி வெக்க முடியல, என்றார், அவர் குரலில் அசதி இருந்தது, பெருமையான அசதி, எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தீங்க, என்று கேட்டேன், அதைக் கேட்க வேண்டியிருந்தது, தாளுக்கு அது முக்கியம். முட்டியப் போட்டு அழுத்திக் கட்டுவேன், அசையவே கூடாதில்ல, பையனாச்சே, என்று சொல்லிவிட்டார், சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அம்மிணி, அன்னைக்குச் சொன்னது, என்று தொடங்கினார், எனக்கு வேண்டியது கெடச்சிருச்சுங்க, என்று போனை வைத்தேன்.

உறையின் தையலைப் பிரிக்கிறேன், பிரிக்கும்போது பின்குழியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன், முன்னால் அத்தையின் கொண்டை, கருநீல வண்டியில் சுரைக்காய், கை நீள்கிறது, யாருக்கு நீட்டுகிறாய், எனக்கு நீட்டிய கைதான் அவனுக்கும் நீண்டிருக்கிறது, பெல்ட்டை வாங்கி இருக்கையைச் சுற்றி இழுத்து முட்டியால் அழுத்துகிறார் பூபதி, வேண்டாம் என்று சொன்னவர், நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன், பையன் உதைக்கிறான், உதைக்கட்டும், அவன்மேல் எனக்கு ஒன்றுமில்லை, குழந்தையை எங்கே உட்காரவைப்பது என்று கேட்டவருக்கு இடம் எப்போதும் இருந்திருக்கிறது, எனக்குப் பிறக்காததற்கும், நான் எடுத்து வளர்க்க நினைத்ததற்கும்தான் இரண்டு கதவு, உறை கையோடு வந்தது, அடியில் பழைய தோலில் குழந்தை சீட்டின் அடி பதிந்த இரண்டு நீளக் குழிகள், அந்தக் குழிகளை மறைக்கத் தையல்கடைக்காரர் பஞ்சுத் துண்டுகளைத் திணித்து மேலே இழுத்துத் தைத்திருக்கிறார், அந்தப் பஞ்சுதான் இரவும் பகலும் தாளை அழுத்திக்கொண்டிருந்தது, வண்டி பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

இந்த வண்டியில் ஆளில்லாமல் மணி அடித்தால் கிளிப் மாட்டாதீர்கள். மேலுறையைப் பிரித்து உள்ளே திணித்தது எதுவானாலும் எடுத்துவிடுங்கள். குழிந்த இடத்தில் வெந்நீரில் பிழிந்த துணியைப் போட்டு ஒத்தடம் கொடுத்தால் அடியிலுள்ள மெத்தை எழும்பும், நன்றாகக் காயவிடுங்கள். ஏர்பேக் சாவியைத் திரும்ப இயங்கும் பக்கம் திருப்புங்கள். பிறகு இரண்டு கதவுகளையும் மூடி, இடப்பக்க இருக்கையை யாரும் தொடாமல், சாவியைப் போட்டு, சோதனைக் கருவியை இணைத்து, காலி இருக்கையின் எடையைப் புதிதாகப் பதியுங்கள், இருக்கையில் யாருமில்லை என்பதை வண்டி அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. பதிந்தேன். கை நீளவில்லை, மணி அடிக்கவில்லை.