கிரீஸ் இல்லாத மோட்டார்

அக்கா பத்து நாள் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டு டிவியைப் போட்டார். திரை முழுக்க முழங்கால்.

மூட்டுவலி தீர ஐந்து பயிற்சிகள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடையைப் பலப்படுத்துவது எப்படி. அறுபது வயதுக்கு மேல் செய்யவே கூடாத ஏழு தவறுகள். கீழே தள்ளிக்கொண்டே போனார். துணி அலமாரியை அடுக்கிக் காட்டும் ஒரு பெண்மணி வந்தாள். அவளுக்குக் கீழே மறுபடியும் முழங்கால்.

மறுபடி மேலே போய்ப் பார்த்தார்.

டிவியைப் போட்டதும் வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும் அந்த முகப்பு அவர் மனைவியுடையது. அவள் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலையில் இருந்தவள். நாளெல்லாம் சின்ன ஸ்குரூக்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, கைகால் கழுவி, சோபாவின் இடது மூலையில் கால்களை மடக்கி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் அசையமாட்டாள். என்ன பார்ப்பாள் என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றிய டம்ளர்களில் விரல் தேய்த்து ஒருவர் பாட்டு வாசிப்பார். வெட்டிய காகிதப் பொம்மைகள் எழுந்து ஆடும். தெருச்சுவரில் ஒருத்தி காலையில் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் ஒரு திமிங்கிலத்தை வரைந்து முடிப்பாள். எல்லாம் அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி அவர் "ம்ம்" கொட்டிக்கொண்டிருப்பார்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு ஒருநாள் சும்மா டிவியைப் போட்டார். காகிதப் பொம்மைகள் நாலாவது பாகம் வந்திருந்தது. புதிதாக ஒரு சுவர், ஒரு திமிங்கிலம். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. அந்த டிவிக்கு மட்டும் யாரும் சாவுச் செய்தி சொல்லவில்லை. அது அவளுக்காகத் தேடித் தேடி எடுத்து வைத்துக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் முகப்பை மேலிருந்து கீழே ஒருமுறை பார்ப்பார். இன்றைக்கு இதெல்லாம் அவளுக்கு வந்திருக்கும். ஒன்றிரண்டை ஓடவிட்டுவிட்டு ரசம் வைப்பார். தனக்கு வேண்டிய மோட்டார் ரிப்பேர் வீடியோவைக் கைப்பேசியில் மட்டும் பார்ப்பார். அடுத்தவர் சமையலறையில் பாத்திரத்தை நகர்த்தாமல் தண்ணீர் குடித்துவிட்டு வருவது போல அத்தனை பதவிசு.

அக்கா இருந்த பத்து நாளும் அவர் ரிமோட்டைத் தொடவில்லை. இப்போது முழங்கால்.

அக்காவுக்கு போன் போட்டார்.

"அக்கா, டிவியில என்ன பார்த்த?"

"ஏண்டா, நல்லபடியா போய்ச் சேர்ந்தியா, கால் எப்படி இருக்குன்னு கேக்க மாட்டியா? எடுத்த எடுப்பிலயே டிவியா?"

"சரி, கால் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. பத்து நாள் விடாம பார்த்தும் ஒண்ணும் கேக்கல."

"பார்த்தா எப்படிக்கா கேக்கும்? செய்யணும்."

"போடா. நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிடுற. நான் என்ன, சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கவா? ஏன், டிவி கெட்டுப்போச்சா?"

"இல்ல." எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "அவ பார்க்கிறதெல்லாம் அதுல வரும்க்கா. இப்ப காணோம்."

அக்காவின் குரல் இறங்கியது. "எனக்குத் தெரியாதேடா தம்பி," என்றாள். "நான் பார்த்ததை அழிச்சிட்டா சரியாப் போயிடாது? என் மருமக ஏதோ அழிப்பா, பார்த்திருக்கேன்."

ரிமோட்டோடு உட்கார்ந்தார். பார்த்தவற்றின் பட்டியல் எங்கேயோ உள்ளே இருந்தது. மேலே அக்காவுடையது, நூற்றுக்கு மேல். அதற்குக் கீழே, அவர் ஓடவிட்டவற்றையும் தாண்டி, மனைவியின் ஐந்து வருஷம். ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினார். நீக்கவா என்று கேட்டது, ஆமாம். நீக்கவா, ஆமாம். நாற்பதுக்கு மேல் கட்டைவிரல் தானாகவே போயிற்று. எங்கோ ஓரிடத்தில் கேள்வி, எல்லாவற்றையும் நீக்கவா என்று, கொஞ்சம் நீளமாக இருந்ததை அவர் கவனிப்பதற்குள் விரல் ஆமாம் சொல்லிவிட்டது.

திரை வெறிச்சென்று ஆனது. நடுவில் ஒரே ஒரு வரி: தொடங்குவதற்கு எதையாவது தேடுங்கள்.

லிஃப்ட் குழிக்குள் பழக்கதோஷத்தில் பட்டனை அழுத்துகிறவன் ஒருநாள் கையை இழப்பான் என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் இருபது வருஷமாகச் சொல்லி வருகிறவர் அவர். ரிமோட்டை மெதுவாக சோபாவின் மேல் வைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஓர் ஒன்பது மாடிக் கட்டிடத்தில் வேலை. கூடவே எப்போதும் வரும் எலக்ட்ரீஷியனுக்குக் கண்ணாடி கனமென்பதால் சோடாபுட்டி என்று பெயர். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அது போகவில்லை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் இருவரும் நின்றிருந்தபோது அவர் விஷயத்தைச் சொன்னார்.

"போனது போனதுதான் அண்ணே," என்றான் சோடாபுட்டி. "அதுக்கு முதல்லேர்ந்து சொல்லிக் குடுக்கணும். அண்ணி பார்த்ததையே தேடித் தேடிப் போடுங்க. நாலு நாள்ல அதுவா வழிக்கு வரும். பேரு தெரியும்ல?"

"தெரியாது."

"பேரு வேணாம். பார்க்க எப்படி இருக்கும்?"

"நான் எங்கடா பார்த்தேன்? அவ இருந்தப்ப பேப்பர் படிச்சிட்டு இருப்பேன். அப்புறமும் ஓடவிட்டுட்டு ரசம் வைக்கப் போயிடுவேன்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாததைத் துடைத்து மாட்டிக்கொண்டான். "ஏத்தவாண்ணே?"

பெட்டி ஏறியது. வழக்கம்போல அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலாவது மாடிகிட்ட பெட்டி இடது பக்க ரெயில்ல உரசுது."

"பார்க்காமலே எப்படித்தான் சொல்றீங்களோ!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பார்க்கவில்லைதான். ஆனால் ஐந்து வருஷமாகக் காது அங்கேயேதானே இருந்தது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கை கழுவக்கூட இல்லை. அவர் காதில் நன்றாகப் பதிந்தது ஒன்று இருந்தது. யாரோ ரோபோவோடு ஆடுகிறார்கள் என்று அவள் சொன்னாள். மரத்தைத் தட்டுகிற தாளம், ஒரு தந்தி வாத்தியம், நடுநடுவே 'கீச்'. பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர், "அந்த மோட்டாருக்கு கிரீஸ் இல்ல. சீக்கிரம் பேரிங் போயிடும்," என்றார். அவள் சிரித்தாள். புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"ஏங்க, இங்க பாருங்களேன். ஒரே ஒரு தடவை பாருங்களேன்."

"கேட்டாலே தெரியுது. பார்க்க வேற வேணுமா?"

அதற்கும் சிரித்தாள். அதற்கப்புறம் அவர் எதை அடித்துச் சொன்னாலும், "கிரீஸ் இல்லையோ?" என்று கேட்பாள். தன் கைத்தேர்ச்சியை மெச்சிக்கொள்கிறாள் என்று அவர் உள்ளூர மகிழ்ந்திருந்தார்.

ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: ரோபோ நடனம். வரிசையாக வந்து நின்றன. தன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அப்போதுதான் காதுக்குச் சரியாக இருந்தது. முதலாவது இல்லை. இரண்டாவதில் பாட்டே வேறு. ஏழாவதில் தாளம் கிட்டத்தட்ட வந்து ஏமாற்றியது. பன்னிரண்டாவது தொடங்கியதும் முதுகு நிமிர்ந்தது. மரத்தட்டு. தந்தி. மூச்சு விடுகிற அளவு இடைவெளி.

கீச்.

அவள் சிரித்த இடம் இதுதான். சோபாவின் இடது மூலை பேசாமல் இருந்தது.

அவர் பேப்பரை இறக்கினார்.

காலியான ஒரு பட்டறை. கார் தொழிற்சாலைகளில் இருப்பது போன்ற பெரிய மஞ்சள் இரும்புக் கை ஒன்று. அதற்கு எதிரே ஐம்பது வயதுப் பெண்மணி, கொஞ்சம் பருத்த உடம்பு, காலில் ரப்பர் செருப்பு. இரும்புக் கை சத்தமே இல்லாமல் வளைந்து, சத்தமே இல்லாமல் திரும்பியது. அத்தனை சுத்தமான மோட்டாரை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. அந்த அம்மாள்தான் குதிகாலில் சுழன்றாள். வழவழத் தரையில் செருப்பு 'கீச்' என்றது. இரும்புக் கை திடுக்கிட்டது போல நின்று, குனிந்து, செருப்பை உற்றுப் பார்த்தது.

"மோட்டார் இல்ல," என்றார் சோபாவின் மூலையைப் பார்த்து. "செருப்பு."

அவளுக்கு அன்றைக்கே தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாருங்களேன் என்று மட்டும்தான் கேட்டாள்.

வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டு, முடிகிற வரை பார்த்தார். பிறகு முகப்புக்குப் போனார். அந்த ஒரு வரி போய், அதன் இடத்தில் மூன்று படங்கள் வந்திருந்தன. மூன்றும் அவர் கேள்விப்படாதவை. இவற்றில் எது அவளுக்குப் பிடித்திருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. பேப்பரை மடித்துத் தரையில் வைத்துவிட்டு, முதலாவதை அழுத்தினார்.