வால் இல்லாத யானைக்கு ஐம்பத்தேழு சாட்சிகள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இரக்கத்தில் பிறக்கவில்லை, எரிச்சலில் பிறந்தது. என் புத்தகம் ஒன்றை மூன்று பதிப்புகள் போட்டு விற்ற ஒருவரிடம் எனக்குச் சேர வேண்டியதைக் கேட்டேன். "எழுத்தாளருக்குப் புகழ்தானே சார் பெரிசு" என்றார். அவரைக் கதையில் வைத்துக் கிழித்துவிடுவது என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். பத்து வரி எழுதியதும் பயம் வந்துவிட்டது. அடுத்த புத்தகத்தையும் அவரிடம்தான் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே ஆண்டை மாற்றினேன். 1943, ஜப்பான்காரன் ஆட்சி. ஊரையும் மாற்றினேன். மலாக்கா, காஜா பெராங். மலாய் மொழியில் அந்தப் பெயருக்குக் கோபம் கொண்ட யானை என்று பொருள். என் நிலைமைக்குப் பொருந்தியது. எழுத்தாளனைச் சித்திரக்கதை வரைகிறவராக ஆக்கினேன். அதுவும் போதாதென்று புனைபெயரில் அனுப்புவதாக முடிவு செய்தேன். இவ்வளவு வீரத்தோடு தொடங்குகிறேன்.

2

தொடக்கங்கள்.

(அ) மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பொன்னுதுரையின் உடம்பு —

[விட்டுவிட்டேன். மழையில் தொடங்கினால் காய்ச்சல் மழையால் வந்ததாக நினைத்துக்கொள்வீர்கள். காய்ச்சலைக் கொண்டுவந்தது கொசு. அதைப் போகவிடாமல் வைத்திருப்பது ஒரு மனிதர்.]

(ஆ) கலைஞன் என்பவன் காலத்தின் —

[வேண்டாம். பொன்னுதுரையே எழுந்து வந்து அடிப்பார்.]

(இ) மரியம் பீவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காஜா பெராங்கில் அவளைவிடக் கவனமாகப் புத்தகம் பார்த்தவர் யாருமில்லை.

இது இருக்கட்டும்.

3

மரியம் பீவி கடலை விற்றவள். பழைய காகிதத்தை எடைக்கு வாங்கி, கிழித்து, சுருட்டி, கடலையைப் போட்டுக் கொடுப்பாள். சண்டைக்கு மூன்று வருஷம் முன்னால் ஒருநாள் அந்தக் காகிதக் கட்டில் ஒரு யானை வந்தது. ஆட்டுக்குட்டி உயரம்தான் இருக்கும். பெயர் கடுகு என்று பிறகு யாரோ வாசித்துச் சொன்னார்கள். எங்கே அநியாயம் நடந்தாலும் அதன் காது இரண்டும் விறைத்துக்கொள்ளும். தராசில் விரலை வைத்து அழுத்தும் கடைக்காரனிடம் போய், மறு தட்டில் ஏறிச் சட்டமாக உட்கார்ந்துவிடும். கடலைக்காரி அந்தத் தாளைக் கிழிக்கப் போனாள், கை வரவில்லை. அன்றிலிருந்து மாதம் ஒரு புத்தகம் காசு கொடுத்தே வாங்கினாள். தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் வீடுகளில்கூடக் கடுகு இருந்தது. படத்துக்கு என்ன பாஷை?

அதை வரைந்த பொன்னுதுரை நில அளவை அலுவலகத்தில் வரைபடம் பிரதி எடுத்தவர். எல்லைக் கோட்டுக்கு வெளியே இருப்பதை வரையக் கூடாது என்று இருபது வருஷம் பழகிய கை. முதல் படத்தில் கடுகின் வால் கட்டத்துக்கு வெளியே போயிற்று. பழக்க தோஷம், வாலை விட்டுவிட்டார். அடுத்த படத்தில் மறந்தார். மூன்றாவது இதழில் ஊர் முழுக்க "வால் எங்கே?" என்று கேட்டது. அதற்குப் பிறகு போட்டால் மரியாதையாக இருக்காது என்று கடுகை வால் இல்லாமலே விட்டுவிட்டார்.

அச்சடித்தவர் கணேசமூர்த்தி. அவருடைய அச்சகத்துக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அவருக்கு விளம்பரம். விற்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு காசு ஓவியருக்கு என்று வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்ன பேச்சு. முதல் வருஷம் "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கோம்" என்றார். அடுத்த வருஷம் "தாள் விலை ஏறிப்போச்சு" என்றார். அதற்கடுத்து ஜப்பான்காரன் வந்தான். கணேசமூர்த்திக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது.

4

அலுவலகமும் போய், வருமானமும் போய், பொன்னுதுரை காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டின் பின்னறையில் படுத்தார். முறைக்காய்ச்சல். மூன்று நாளுக்கு ஒருதரம் உடம்பைத் தூக்கிப் போடும். கொயினா மாத்திரை இருந்தால் நிற்கும். அது கறுப்புச் சந்தையில் பொன் விலை.

அக்கம்பக்கத்தார் கஞ்சியும் அவித்த ஊபியும், அதாவது மரவள்ளிக்கிழங்கும், கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் திடீரென்று அது நின்றது. தெங்கேரா சந்தைச் சுவரில் ஒரு சுவரொட்டி. கடுகு மண்வெட்டி பிடித்து, ஊபி நடச் சொல்லி, ஜப்பான் கொடிக்கு வணக்கம் வைக்கிறது. பொன்னுதுரை ஜப்பான்காரனிடம் விலைபோய்விட்டார் என்று ஊர் காறித் துப்பியது.

கடலையும் காகிதமும் கிடைக்காமல் ஊபி வறுவலை வாழையிலையில் மடித்து விற்றுக்கொண்டிருந்த மரியம் பீவி அந்தச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு நேரே பின்னறைக்குப் போனாள். அவர் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்.

"ஐயா, சந்தச் செவுத்துல ஒட்டியிருக்கிறது நீங்க போட்டதில்லதானே?"

"வால் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப நான் கீறினதில்லை." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் கணேசமூர்த்தியிடம் அச்சுக் கோக்கும் நல்லையா அவளைச் சந்தையில் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னான். "அக்கா, நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது. அந்தச் சுவரொட்டிக்கு ஜப்பான் ஆபீசிலேருந்து மாசாமாசம் வரையிறவருக்குன்னு தனியா அரிசியும் இருபது கொயினாவும் வருது. சீட்டுல பொன்னுதுரை ஐயா பேருதான் இருக்கு. எங்க மொதலாளி தவுக்கேதான் வாங்கி அலமாரியில வச்சுப் பூட்டிடறாரு."

மரியம் பீவி கணேசமூர்த்தியிடம் போனாள். நல்லையாவின் வேலையை நினைத்து மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. யானை அவருடையது, அவருக்கு ஏதாவது செய்யுங்கள் என்றாள்.

"ஏம்மா, கண்ணத் தொறந்து பாரு. இதுல வால் இருக்கு. உங்க ஆளோட யானைக்கு வாலே கெடையாது. அது வேற, இது வேற."

வாங்கும்போது பொன்னுதுரையின் யானை. கொடுக்கும்போது வேறு யானை.

5

ஒரு நண்பரிடம் இதுவரை படித்துக் காட்டினேன். "வில்லன் ரொம்பக் கறுப்பா இருக்கான்பா, கொஞ்சம் வெள்ளை அடி" என்றார். நியாயம்தான். முயன்று பார்த்தேன். கணேசமூர்த்தி தினமும் காலையில் காக்கைக்குச் சோறு வைக்கிறார் என்று எழுதினேன். யாருடைய அரிசி என்று யோசித்ததும் அடித்துவிட்டேன். கோயில் திருப்பணிக்கு முதல் ஆளாக நன்கொடை எழுதினார் என்று எழுதினேன். அங்கே பெயர்ப் பலகையில் அவர் பெயர் இருந்தது; அதை எழுதின ஓவியருக்குக் கூலி கொடுத்தாரா என்று என் பேனாவே கேட்டது. நான் என்ன செய்ய? ஒன்று மட்டும் சேர்க்கலாம். அவர் சிரித்த முகம். குரலை உயர்த்தவே மாட்டார். என் பதிப்பாளரும் அப்படித்தான்.

6

ஜப்பான் அலுவலகத்துக்குப் போய் முறையிடலாமே என்று கேட்காதீர்கள். அந்த வாசலை மிதித்து முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. கணேசமூர்த்தி பயப்படுகிற ஒரே இடம் ஊர். ஊரே கையெழுத்துப் போட்டுக் கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று மரியம் பீவி கணக்குப் போட்டாள். பொன்னுதுரையின் பெட்டியில் ஒரு பெரிய தாள் இருந்தது. முன்பக்கம் புக்கிட் காதில் என்ற ஊரின் குன்றுகளின் வரைபடம், பின்பக்கம் வெறுமை. அதை எடுத்துக்கொண்டு முதலில் துணி வெளுக்கும் அஞ்சலையிடம் போனாள். மூன்று வகுப்பு படித்தவள்.

அஞ்சலை மேலே ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: கடுகு பொன்னுதுரை ஐயாவுடையது, அவருக்குரியதை அவருக்குக் கொடுங்கள். ஆனால் கீழே பெயர் எழுதச் சொன்னதும் பென்சிலை வைத்துவிட்டாள்.

"பேரு மட்டும் கேக்காதீங்கக்கா. அரிசி தர்றாங்கன்னு சொல்லித்தான் எங்க வீட்டுக்காரரு பேரு குடுத்தாரு. இப்ப சயாம்ல எந்தக் காட்டுல தண்டவாளம் போடறாரோ."

அந்த வருஷம் பெயர்ப் பட்டியல் என்றாலே, போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதைதான். அவள் தாளை மடிக்கப் போனபோது அஞ்சலை மறுபடி பென்சிலை எடுத்தாள்.

"படம் வேணும்னா போடறேன்."

ஒரு யானை போட்டாள். குட்டையாக, காது விறைத்து, வால் இல்லாமல்.

அவ்வளவுதான், வழி பிறந்துவிட்டது. மூன்று நாளில் தையல்காரர், மீன்காரி, செட்டிகள் குடியிருக்கும் கம்பத்துப் பெரியவர்கள், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், ஒரு சீனக் காப்பிக்கடைக்காரர். யாரும் பெயர் எழுதவில்லை. ஆளுக்கொரு யானை. ஐம்பத்தேழு. சுவரொட்டியைப் பார்த்துத் துப்பியவர்களே போட்டார்கள். வால் விஷயத்தை மரியம் பீவி சொன்னதும் அவர்களுக்குச் சுருக்கென்று உறைத்திருந்தது. கஞ்சியும் மறுபடி வரத் தொடங்கியது.

தாளைப் பின்னறைக்குக் கொண்டுபோய் விரித்தாள். பொன்னுதுரை முழங்கையை ஊன்றி எழுந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதென்ன, எலியோ? இதுக்குக் காது கூடிப்போச்சு. இந்த மனுசன் யானையைக் கண்டதே இல்லைப் போல." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தர்கூட வால் வைக்கேல்லை, பாத்தீங்களோ மரியம்பீவி."

[இங்கேயே முடித்திருக்கலாம். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். ஆனால் கண்ணீர் கொயினா ஆகாது.]

7

கணேசமூர்த்தி தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சிரித்த முகம்.

"பரவாயில்லையே. ஊரே போடுது. அம்பத்தேழு பேருக்கும் வருது. அப்புறம் இது ஒருத்தர் சொத்துன்னு எப்படிம்மா சொல்றே?"

"எங்களுக்கு வருதுன்னா அது அவரு குடுத்தது தவுக்கே. நீங்க என்ன குடுத்தீங்க?"

"அச்சு குடுத்தேன். நான் அடிக்கலேன்னா அந்தாளோட யானை யாருக்குத் தெரியும்?"

மரியம் பீவிக்கு இங்கே நான் ஒரு நல்ல பதில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்தேன். இதே கேள்வியை என் பதிப்பாளர் என்னிடம் கேட்டபோதும் நான் வாயடைத்துத்தான் திரும்பினேன். எனக்கு வராத பதில் அவளுக்கு எங்கிருந்து வரும்?

"தாள் இருக்கட்டும்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவள் நம்பி வைத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சந்தைச் சுவரில் புதுச் சுவரொட்டி. ஐம்பத்தேழு யானைகள். அஞ்சலை எழுதின வரியைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒட்டிய துண்டில் கொட்டை எழுத்தில்: காஜா பெராங் மக்கள் மனமுவந்து ஊபி நடுகிறார்கள்.

நானே எழுதியதுதான், இருந்தாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்த் திரும்பி வந்தேன். ஒருவரிடம் திருடினவர், அதைத் தட்டிக் கேட்க வந்த ஐம்பத்தேழு பேரிடமும் திருடிவிட்டார். அதுவும் அவர்கள் கேட்கக் கொண்டுவந்த தாளையே.

8

முடிவுகள்.

ஒன்று: கணேசமூர்த்திக்கும் காய்ச்சல் வருகிறது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். ஆனால் அலமாரிச் சாவி அவர் இடுப்பில். நாலு நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இரண்டு: நல்லையா அலமாரியை உடைத்து மாத்திரையை எடுக்கிறான். எனக்கும் ஆசைதான். ஆனால் மறுகணமே கணேசமூர்த்தி பறிகொடுத்தவர் ஆகிவிடுவார். ஊர் அவருக்காக இரக்கப்படும்.

மூன்று: நானே கொடுத்துவிடுவது. எழுதுகிறவனுக்கு அது ஒரு வரி. கதவு தட்டப்பட்டது, யாரோ ஒரு பொட்டலத்தை —

[இல்லை. நான் கொடுத்தால் கணேசமூர்த்தி தப்பித்துவிடுவார். கொடுக்க வேண்டியவர் அவர். பொன்னுதுரை கேட்பது தர்மம் இல்லை.]

9

அஞ்சலைதான் முதலில் வந்தாள். வெளுத்த துணி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "தாள் இருக்கா அக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"பேரு எழுத."

மரியம் பீவி அவள் முகத்தையே பார்த்தாள். "ஒன் வீட்டுக்காரர…"

"பயந்துக்கிட்டுத்தான் யானை போட்டேன். அதையே எடுத்து ஒட்டிட்டான். பேரு போட்டிருந்தா அஞ்சலையோடதுன்னாவது ஒருத்தன் கேட்டிருப்பான். பயந்து என்ன மிச்சம்?"

பொன்னுதுரையின் பெட்டியில் இன்னொரு வரைபடம் இருந்தது, புக்கிட் ரம்பாய். அதன் பின்பக்கத்தில் மேலே அதே வரி. அஞ்சலை தன் பெயரை எழுதினாள். மரியம் பீவி அடுப்புக் கரியைத் தொட்டுக் கட்டைவிரலை அழுத்தினாள். பக்கத்தில் அஞ்சலை அவள் பெயரை எழுதி, எந்த எழுத்து எது என்று காட்டினாள். நல்லையா வந்தான். எழுதினால் வேலை போய்விடும் என்று தெரிந்தே எழுதினான். மத்தியானத்துக்குள் பதினொரு பெயர். ஐம்பத்தேழில் பதினொன்று. மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. புனைபெயர் வைத்துக்கொண்டு எழுத வந்தவன் நான்.

இன்று காய்ச்சல் வரும் மூன்றாம் நாள். சாயங்காலம் பொன்னுதுரைக்குக் குளிர் கண்டுவிடும். பட்டப்பகலில், காஜா பெராங் சாலையில், பதினொரு பேரும் அச்சகத்தை நோக்கி நடக்கிறார்கள். தாள் மரியம் பீவியின் கையில். இந்தத் தடவை அதை யாரிடமும் விட்டுவிட்டு வரப்போவதில்லை. விரித்துப் பிடித்தபடியே வாசலில் நிற்பார்கள். அந்தப் பெயர்கள் அவர்களைச் சயாமுக்கும் கொண்டுபோகலாம், அந்த அலமாரியைத் திறக்கவும் வைக்கலாம். எது என்று நான் எழுத மாட்டேன். பதினொரு பேர் போதுமா என்பது எனக்குத் தெரியாது.

ஒன்று செய்தேன். புனைபெயரை அடித்தேன். பன்னிரண்டாவதாக என் சொந்தப் பெயரை எழுதினேன். என் பதிப்பாளர் படித்தால் படிக்கட்டும்.

மரியம் பீவி வாசலை நெருங்கிவிட்டாள். தாளின் அடியில் இன்னும் இடம் இருக்கிறது. பென்சில் இந்தாருங்கள். உங்களுக்கும் கடுகை வரைய வரும், தெரியும். யானை வேண்டாம். பெயரை எழுதுங்கள்.