பஜ்ஜி மணம் போகும் வழி

தேனம்மை ஏறிய ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும் முத்தப்பன் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கழுத்து வரைக்கும் பட்டன் போட்டார். பிறகு ஸ்கூட்டர் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாழைக்காய் நறுக்க உட்கார்ந்தார்.

காரணம் இல்லாமல் எதையும் செய்கிறவர் அல்ல அவர். காரைக்குடியில் மின்விசிறிக் கடை வைத்திருக்கிறார். எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு யாராவது வந்தால், விலையைச் சொல்லும் முன் அவர்கள் வீட்டு அடுப்படியில் ஜன்னல் எந்தத் திசை என்று விசாரிப்பார். காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து விளக்குவார். பாதிப் பேர் படத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கடையில் ஃபேன் வாங்குவார்கள். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. விளங்கிக்கொண்டு போகிறார்களே, அது போதும்.

சிக்கல் இதுதான். ஆடி மாதம் ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடுதலாக இருந்தது. "எண்ணெய்ப் பலகாரத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேனம்மையின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"தீபாவளி வரைக்கும் எண்ணெயில பொரிச்சது ஒண்ணு வாயில வச்சீகன்னு தெரிஞ்சுது, சம்பந்தி முகாமுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்.

சம்பந்தி என்பது அவர்கள் மகளின் மாமியார் சாலா. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வருடா வருடம் பத்து நாள் இயற்கை வைத்திய முகாம் நடத்துகிறவர். காலையில் வெண்பூசணிச் சாறு. மதியம் உப்பில்லாமல் அவித்த கீரை. சாயங்காலம் வயிற்றின் மேல் ஈரமண்ணை அப்பிக்கொண்டு மல்லாந்து படுக்க வேண்டும். இதையெல்லாம்கூட முத்தப்பன் தாங்கிக்கொள்வார். ஆனால் அங்கே பத்து நாளும் யாரும் வாய் திறந்து பேசக் கூடாது. வயிற்றில் மண்ணோடு படுத்துக்கொண்டு, அந்த மண் சூட்டை எப்படி இழுக்கிறது என்று பக்கத்தில் படுத்திருப்பவருக்குச் சொல்ல முடியாமல் கிடப்பதை நினைத்தாலே அவருக்கு வியர்த்தது.

ஆகவே பொறுத்தார். ஆடி போய் ஆவணியும் போனது. புரட்டாசியில் சந்தையில் ஒரு சீப்பு மொந்தன் வாழைக்காயைப் பார்த்தார். பச்சைப் பசேலென்று, பட்டை பட்டையாக, பஜ்ஜிக்கென்றே பிறந்ததைப் போல இருந்தது. பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. பிரதோஷத்துக்குத் தேனம்மை கோவிலூர்க் கோயிலுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள்.

திருட்டுப் பஜ்ஜிக்குப் பெரிய எதிரி மணம். முத்தப்பன் அதை ஒரு வாரமாக ஆராய்ந்திருந்தார். காய்க்குள்ளும் மாவுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. சூடான எண்ணெயில் விழுந்ததும் அந்தத் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் குமிழாக மேலே வருகிறது. ஒவ்வொரு குமிழும் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகளைத் தெறிக்க விடுகிறது. அந்தத் துளிகள்தான் பறந்து போய்த் துணியிலும் திரைச்சீலையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு மறுநாள் வரை காட்டிக்கொடுக்கின்றன. துணிக்கு மழைக்கோட்டு. முடிக்கு ஹெல்மெட்.

அடுப்படியில் பொரிப்பது முட்டாள்தனம். அங்கே மணம் சுவரைக் கட்டிக்கொண்டு நிற்கும். வீட்டின் நடுவே வானம் பார்த்த வளவு இருக்கிறது. அங்கே அடுப்பை வைத்தால் சூடான காற்று நேரே மேலே ஏறும். அது போன இடத்தை நிரப்ப முன்வாசல் வழியாகவும் பின்வாசல் வழியாகவும் குளிர்ந்த காற்று ஓடி வரும். வந்த காற்று சூடேறி அதுவும் மேலே போகும். மொத்த வீடும் ஒரு புகைபோக்கி ஆகிவிடும். இரண்டு வாசலையும் விரியத் திறந்து வைத்தார். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சோதித்தார். புகை ஆடாமல் அசையாமல் வானத்துக்குப் போனது. ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டார்.

காயை நீளவாக்கில் மெல்லிசாகச் சீவி, கறுக்காமலிருக்க உப்புத் தண்ணீரில் போட்டார். கடலை மாவு. வெறும் கடலை மாவு என்றால் பஜ்ஜி ஆறியதும் துவண்டுவிடும். எனவே மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் அரிசி மாவு. மிளகாய்த்தூள், உப்பு, உள்ளங்கையில் கசக்கிய ஓமம். பெருங்காயத்தில் மட்டும் கை தயங்கியது. போட்டால் மணம் கூடும். போடாவிட்டால் அது பஜ்ஜியே இல்லை. போட்டார். விரலை விட்டு எடுத்தால் மாவு ஒழுகி ஓடாமலும் கட்டியாக நிற்காமலும் ஒரு சட்டை மாதிரி ஒட்ட வேண்டும். ஒட்டியது.

எண்ணெயில் ஒரு சொட்டு மாவை விட்டார். அடியில் போய் உடனே மேலே வந்தது. சரியான சூடு. காயை மாவில் தோய்த்துப் போட்டார். இனிக் காதுதான் வேலை செய்ய வேண்டும். தண்ணீர் இருக்கும் வரை எண்ணெய் இரைச்சல் போடும்; தண்ணீர் தீரத் தீர இரைச்சல் அடங்கும்; அப்போது எடுக்க வேண்டும். ஆனால் ஹெல்மெட்டுக்குள் அவர் மூச்சு மட்டும்தான் கேட்டது. கண்ணாடியிலும் ஆவி படர்ந்துவிட்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தபோது பஜ்ஜிகள் நல்ல செம்பொன் நிறத்தில், உப்பிப்போய், தயாராக இருந்தன.

மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். வளவில் மணம் இல்லை. முன்கட்டில் இல்லை. பின்கட்டில் இல்லை. கணக்கு அத்தனையும் சரி. ஒன்றே ஒன்றைத்தான் யோசிக்காமல் விட்டிருந்தார். மேலே போன காற்று மேலேயே இருக்காது. கொஞ்ச தூரம் போய்க் குளிர்ந்ததும் கனத்துக் கீழே இறங்கும். முத்தப்பன் வீட்டில் மட்டும் மணம் இல்லை. தெரு முழுக்க இருந்தது.

முதல் பஜ்ஜியை வாயருகே கொண்டுபோனபோது பக்கத்து வீட்டுச் சொக்கு வளவில் வந்து நின்றார். கதவுதான் திறந்து கிடந்ததே.

"என்னண்ணே, அடுப்பு முன்னால வண்டி ஓட்டுறீகளா?"

"சொக்கு, சத்தம் போடாத. தேனம்மைக்குத் தெரியக் கூடாது."

"நான் சொல்ல மாட்டேண்ணே. ஆனா இந்த வாய் சும்மா இருந்தா எதையாச்சும் உளறிரும். அதுக்கு ஒரு வேலை குடுத்து வைக்கணும்." வேலை கொடுக்கப்பட்டது. மென்றுகொண்டே சொக்கு கேட்டார்: "ஏண்ணே, உள்ள காய் வெந்திருக்கு, மேல மாவு கருகலை. அதெப்படி?"

முத்தப்பன் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். வாயில் பலகாரத்தோடு விளக்கினால் சொல் தெளிவாக வராது. "அதாவது சொக்கு, மாவு ஒரு போர்வை. உள்ள இருக்குற காய் எண்ணெயில வேகலை, தன்னோட ஆவியிலயே வேகுது…" என்று ஆரம்பித்தார். முடித்தபோது தட்டு காலியாக இருந்தது.

அடுத்த ஈட்டைப் போட்டு எடுக்கும்போது பின்வாசல் வழியாக அகல்யா வந்தாள். பின்தெருவில் தையல் மெஷின் வைத்திருப்பவள். தேனம்மையின் ரவிக்கைகளெல்லாம் அவளிடம்தான் போகும். கையில் போன்.

"இப்பத்தாண்ணே ஆச்சிகிட்ட பேசினேன், கை அளவு கேக்க."

முத்தப்பன் கரண்டியைச் சட்டியிலிருந்து எடுத்தார். "பஜ்ஜி வாசம் வருதுன்னு சொன்னியா?"

"இன்னும் இல்லை. யாரு வீடுன்னு பாத்துட்டு உறுதியாச் சொல்லுவோம்னு வந்தேன்." சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு டிபன் டப்பா வெளியே வந்தது. "பிள்ளைகளுக்குப் போதும்ணே. எனக்குன்னு நான் கேக்கலை."

டப்பா நிறைந்தது. மிச்சத்தில் ஒன்றை அவர் எடுத்தார். சொக்கு உடனே, "அகல்யா, பஜ்ஜி எண்ணெயை ஏன் குடிக்குது தெரியுமா?" என்றார்.

"தெரியலையே. ஏண்ணே?"

முத்தப்பன் பஜ்ஜியைக் கீழே வைத்தார். "எண்ணெய் காயாம இருந்தா உள்ள இருக்குற தண்ணி வேகமா வெளிய வராது. தண்ணி வெளிய தள்ளலைன்னா எண்ணெய் உள்ள வரும். ரெண்டுக்கும் ஒரே வாசல்…"

மூன்றாவதாகக் காளிராஜ் வந்தார். சமையல் கேஸ் கொண்டுவருகிறவர். தோளில் சிலிண்டர் இருந்தது.

"நாங்க பதிவு பண்ணலையேப்பா."

"தெரியும்ணாச்சி. இம்புட்டு வாசம் வருதே, கேஸ் சீக்கிரம் தீந்துருமேன்னு ஒரு அக்கறைதான்." சிலிண்டரை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தார். "இந்த ஹெல்மெட்டு எதுக்கு?"

அதைச் சொல்ல வெகு நேரம் பிடித்தது. துளிகளில் தொடங்கி, ஊதுபத்தி வழியாக, வானம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. காளிராஜ் நல்ல கேள்விகளாகக் கேட்டார். இடையிடையே கையை மட்டும் தட்டுப் பக்கம் நீட்டினார். காய் தீர்ந்தது. தட்டில் ஒரே ஒரு பஜ்ஜி எஞ்சியிருந்தது. முத்தப்பன் அதை எடுத்தார். எல்லாருடைய முகமும் ஏன் அப்படி மாறுகிறது என்று திரும்பிப் பார்த்தார்.

கையில் பிரசாதத்தோடு தேனம்மை நின்றிருந்தாள்.

"என்ன கோலம் இது?"

"தேனு, சாமி சத்தியமா நான் ஒண்ணுகூடத் தின்னலை."

"ஊதுங்க."

ஊதினார். விரல்களை முகர்ந்தாள். மீசையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கையில் எண்ணெய் இருந்தது. வாயில் பஜ்ஜி இருந்த அடையாளமே இல்லை.

"நெசந்தான் ஆச்சி" என்றார் சொக்கு. "அண்ணன் வாயே வைக்கலை. நாங்க விட்டாத்தானே."

தேனம்மையின் கண் கலங்கியது. கணவனை இப்படி அவள் பார்த்ததே இல்லை. "முன்னால வச்சுப் பொரிச்சு, ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, தான் ஒண்ணு தொடலையா! இத சம்பந்திகிட்டச் சொல்லியே ஆகணும்" என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

மறுமுனையில் சாலா, ஒன்றுகூடவா தின்னவில்லை என்று இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு, "இப்படி ஒரு மனுசரைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். "இந்த வருசம் முகாமை அவுகதான் தொடங்கி வைக்கணும். பத்து நாளும் இங்கயே இருக்கட்டும், எல்லாருக்கும் ஒரு முன்மாதிரியா. முதல் மண்ணு அவுக வயித்துலதான்."

"அங்க நான் பேசலாமா?" என்று முத்தப்பன் குறுக்கே புகுந்து கேட்டார்.

"முன்மாதிரி எதுக்குங்க பேசணும்?"

முத்தப்பன் யோசித்தார். மாடிப்படி விளக்குக்கு மாடியில் ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச் இருக்கும். எதைத் தட்டினாலும் எரிவது அதே பல்பு. தின்றால் தண்டனையாக முகாம். தின்னாவிட்டால் மரியாதையாக முகாம். அதே தோப்பு, அதே மண், அதே பத்து நாள். இரண்டு வழியிலும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அது அவர் கையில் இருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். பஜ்ஜியை முழுசாக வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார்.

வளவில் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். "என்னங்க சத்தத்தையே காணோம்?" என்றது போன்.

"சம்பந்தி" என்றாள் தேனம்மை, கணவனின் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டே. "ஆளு கட்டாயம் வருவாக. ஆனா தொடங்கி வைக்க இல்ல. படுக்க."

போனை வைத்துவிட்டுச் சட்டியைப் பார்த்தாள். மாவுப் பாத்திரத்தைப் பார்த்தாள். "மாவு மிச்சம் கிடக்கே. காய் இருக்கா?"

"தீந்துபோச்சு" என்றார் முத்தப்பன் பயந்துகொண்டே.

"இனிமே ஒண்ணு தின்னாலும் ஒம்பது தின்னாலும் அதே பத்து நாள்தானே? அங்குட்டு நகருங்க, வெங்காயம் நறுக்குறேன்." பிரசாதத்தைச் சொக்குவின் கையில் கொடுத்துவிட்டு அடுப்பின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு நல்லா முறுகலா எடுக்கணும், சொல்லிட்டேன்."