கிட்டப் போய் எடுத்த படம்

அந்தக் கமராவைத் தனுஜாவுக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது. பெல்மதுளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜவ்பர் நானாவுக்கு அவருடைய மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய சாமான் அது. ஃபுல் ஃபிரேம் என்று பேர். கையில் எடுத்தால் சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போன முதல் நாளே மாப்பிள்ளை வீட்டார், "என்ன நானா, வெளையாட்டுச் சாமானா கொண்டுவந்தீக்கிறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள். நீளக் குழாய் வைத்த கமரா வந்து நின்றால்தானே நம்மவர்களுக்குக் கல்யாணம் நடந்த மாதிரி இருக்கும்! மானம் போன நானா, தன்னிடம் வேலை பார்த்த கஜேந்திரனின் கையில் அதைத் திணித்து, நீயே வைத்துப் பழகு என்று சொல்லிவிட்டார். கஜேந்திரன் தனுஜாவின் புருஷன்.

அவன் அதைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தான். கொழுந்துக் கறை ஏறிய தனுஜாவின் விரல்கள், பீலிக்கரையில் நிற்கும் வாளி வரிசை, கண்ணாடித் துண்டைச் சுவரில் சாய்த்துச் சவரம் செய்யும் அவளுடைய அப்பா மூக்கையா. கமரா சின்னது, சத்தமும் போடாது. அதனால் யாரும் விறைத்து நிற்கவில்லை. அந்தப் படங்களில்தான் தனுஜா தன்னை முதன்முதலாக ஒருவர் உட்கார்ந்து பார்த்த மாதிரி பார்த்தாள். தான் இவ்வளவு அழகா என்று ஒரு நாள் வெட்கமில்லாமல் கேட்டும்விட்டாள்.

காட்டுப் பக்கம் போனால்தான் தொல்லை. அந்தக் கமராவின் லென்ஸ் கழற்றவும் வராது, நீட்டவும் வராது. பறவையை எடுத்தால் வானத்தில் ஒரு புள்ளி விழும். கஜேந்திரன் விடுவானா? "அறுவது மெகாபிக்சல். புள்ளிய வெட்டிப் பெருசாக்குனா கொக்கு தெரியும். ஆனா புலிக்கு அது ஆகாது, கிட்டப் போகணும்" என்பான். அவன் நினைப்பெல்லாம் புலிதான், உடம்பெல்லாம் புள்ளி வைத்த நம்மூர்ச் சிறுத்தை. காட்டோரத்தில் இருந்த ஒரு ஹோட்டலில், கமராவோடு வரும் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போக ஆள் தேடினார்கள். இந்தப் பக்கத்துப் புலி ஒன்றைப் படம் எடுத்துக் கொண்டு வா, அப்புறம் பேசுவோம் என்று மானேஜர் சொல்லியிருந்தார். வேலையோடு புருஷன் பெண்டாட்டிக்கு ஓர் அறை, அறைக்குள்ளேயே குளியலறை. அந்தக் கமராவோடு புலிக்குக் கிட்டப் போனால் புலிக்குத்தான் காலைச் சாப்பாடு கிடைக்கும் என்று லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள்.

ஒரு போயா லீவு நாள் காலை ஒன்பது மணிக்கு முழங்கால் வரை சேற்றோடு கஜேந்திரன் வந்து சேர்ந்தான். பனியில் நனைந்து காய்ச்சலோ என்று தனுஜா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவன் கமராவைத் திருப்பிக் காட்டினான். திரை முழுக்கப் புலியின் முகம். மீசை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"ஏங்க! நெசமாவா?"

"பத்தடி, தனுஜா. பத்தடி தூரத்துல நின்னு எடுத்தேன்."

அவள் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மனசில் முதலில் வந்தது புலியில்லை, குளியலறை. அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடிய நாலரைக்கு வாளியோடு வரிசையில் நின்றவர்கள் வேண்டுமானால் சொல்லட்டும்.

அவன் குளிக்கப் போனதும் அவள் கமராவின் சக்கரத்தைப் பின்னால் உருட்டினாள். முகம் மட்டும் தெரிந்தது வெட்டி எடுத்த படம். முழுப் படங்கள் அதற்கு முன்னால் இருந்தன, எழுபதுக்கு மேலே. எல்லாவற்றிலும் ஒரே புலி. இடுப்பில் கம்பி. மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளில் போட்ட சுருக்கு, மறுமுனை கொய்யா மரத்தின் அடியில். முதல் படங்கள் மங்கல்; அதில் புலி துள்ளியது, மண்ணை வட்டமாகப் பறண்டியது. படம் போகப் போக வெளிச்சம் கூடியது, புலி அடங்கியது. கடைசிப் படத்தில் நல்ல வெயில். புலி நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தது. தன் புருஷன் வெளிச்சத்துக்காக அங்கேயே காத்து நின்றிருக்கிறான் என்பது தனுஜாவுக்குப் புரிந்தது. அருவருப்பாக இருந்தது.

அதற்கப்புறம்தான் கொய்யாக் கிளையில் கட்டியிருந்த துணியைக் கண்டாள். பெருசாக்கினாள். சாக்குக் கிழிசல். சிவப்பு பெயிண்டில் 214.

பன்றிக்குக் கம்பி வைக்கிறவன் பக்கத்துக் கிளையில் ஒரு துணி கட்டிவிடுவான். மிருகம் பார்க்காது, நம்ம ஆட்கள் பார்த்துக் காலைத் தள்ளி வைப்பார்கள். இது எங்கும் எழுதாத சட்டம். சாக்கு விஷயமும் அப்படித்தான்: கொழுந்துச் சாக்கு மாறிப் போகாமலிருக்க ஒவ்வொருத்தியும் சம்பளப் பேரேட்டில் உள்ள தன் செக்ரோல் நம்பரைத் தானே எழுதிக்கொள்வாள். 214 தனுஜாவின் நம்பர். கிழிந்த அந்தச் சாக்கைப் போன மாதம் கேட்டு வாங்கிப் போனவர் அவளுடைய அப்பா மூக்கையா. அவர் வைத்த கம்பியில் விழுந்த பன்றியை அவளும் தின்றிருக்கிறாள். அந்த லயத்தில் தின்னாத வீடு கிடையாது.

குளித்துவிட்டு வந்தவனிடம் அவள் கமராவை நீட்டினாள். "இத அழிச்சிருங்க."

"முழுசையும் அனுப்பச் சொல்லுவாங்க தனுஜா. இப்ப எல்லாரும் கம்ப்யூட்டர்ல புலிய உண்டாக்கிடறாங்க. ஒரிஜினல் இல்லாட்டி நம்ப மாட்டாங்க."

"இது எங்கப்பா வச்ச கம்பி. அவர ஜெயில்ல போட்டுருவாங்க."

"அதுல மாமா பேரு இருக்கா?"

"உசுரோட கெடந்துச்சுல்ல? யார்கிட்டயாச்சும் ஓடி வந்து சொல்லியிருக்கலாம்ல?"

அவன் துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான்.

பின்னேரம் மூக்கையா மண்வெட்டியோடு வந்தார். முகத்தில் உயிர் இல்லை. பன்றி விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர், புலி செத்துக் கிடப்பதைக் கண்டு பயந்து அங்கேயே புதைத்துவிட்டு வந்திருக்கிறார். படம் இருக்கிறது என்று மகள் சொன்னதும் அந்த மனுஷன் குந்தி உட்கார்ந்து அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டார்.

"புலிய சாகடிச்சா பிணையும் கெடைக்காதாம் புள்ள. இந்த வயசுல என்னய உள்ள தள்ளிறாதீங்க. மாப்ளகிட்ட சொல்லு."

"நான் இருக்கேன்ப்பா. உங்கள யாரும் தொட முடியாது" என்றாள் தனுஜா. காலைப் பிடித்த அப்பாவை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அன்று அவள் சமைக்கவில்லை. கஜேந்திரனுக்கு முன்னால் உட்கார்ந்து, அழிக்கும் வரை எழும்ப மாட்டேன் என்றாள். கடைசியில் அவன், "மாரியம்மா சத்தியமா, பாத்துக்க" என்று அவள் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தான். வெட்டி எடுத்த முகம் ஒன்றுதான் மிச்சம். அதை மட்டும் காட்டி வேலை கேட்கிறேன் என்றான். அவளுக்கு அவன்மேல் மறுபடியும் பாசம் வந்தது. பாவி மகள், கார்டில் அழித்ததை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் திரும்ப எடுக்கலாம் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

மறுநாளே அவன் அப்படித் திரும்ப எடுத்தான், ஹோட்டலுக்கு அனுப்பினான். மானேஜர் புலியின் முகப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். முழுப் படத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழும்பிவிட்டாராம். சும்மா நிற்கிற புலி ஆயிரம் இருக்கிறது. கம்பியில் சாகிற புலியைப் பத்தடியிலிருந்து யார் எடுத்தார்? சுருக்குக் கம்பியை ஒழிப்போம் என்று மேலே எழுதி, கீழே கஜேந்திரனின் பேரைப் போட்டு ஹோட்டல்காரர்கள் ஃபேஸ்புக்கில் விட்டார்கள். கொழும்பிலிருந்தெல்லாம் அழுதார்கள். வனவிலங்கைக் காப்பாற்ற வந்த புண்ணியவான் ஆகிவிட்டான் நம்ம ஆள்.

நாலாம் நாள் காலைப் பெரட்டு, ஆள் எண்ணி வேலை கொடுக்கும் நேரம். கணக்கப்பிள்ளை இராமசாமி யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரிக்கத் தொடங்கும்போது வனஜீவி இலாகா ஜீப் வந்து பெரட்டுக் களத்தில் நின்றது. அதிகாரிகள் இரண்டு பேர் இறங்கினார்கள். பின்னால் கஜேந்திரன் இறங்கினான், கழுத்தில் கமராவோடு. இடத்தைக் காட்டக் கூட்டி வந்திருக்கிறார்கள். பெரிய அதிகாரி அவன் தோளைத் தட்டிக்கொண்டே நடந்து வந்தார்.

தனுஜா பார்த்தது தன் அப்பாவைத்தான். ஆண்கள் வரிசையில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிடுங்கப்பா என்று கத்தத் தோன்றியது. நாலு நாளாக அவள் அந்த ஒரு ஆளுக்காகத்தான் பயந்து செத்தாள். தன்னைப் பற்றி ஒரு தரம்கூட நினைக்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நம்பர் என்றால் சாக்குக்கும் பேர்ச்சீட்டுக்கும் உள்ளது. அது தன்னைக் கை காட்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"இருநூத்திப் பதினாலு யாரு?" என்று கணக்கப்பிள்ளை குரல் கொடுத்தார்.

அவள் பழக்கத்தில் "நான்தாங்க" என்றாள்.

அதிகாரி கைபேசியில் அந்தத் துணியைப் பெருசாக்கிக் காட்டினார். "மேக்க ஒயாகே நம்பர் எக்கத?"

"என் நம்பர்தான்" என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். "ஆனா கம்பி நான் வைக்கல."

"அப்ப யார் வச்சது?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். காலைப் பிடித்தவர், பெற்றவர், இப்போது வந்து நான்தான் என்று சொல்லுவார் என்று காத்திருந்தாள். மூக்கையா வரிசையை விட்டு வெளியே வந்தார். அவளுக்குக் கண் நிறைந்தது.

"சேர், அது அவ சாக்குத்தாங்க" என்றார் அவர். "எழுத்தும் அவளோடதுதான். நான் வயசாளி, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

தனுஜா புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் கமரா வாரைத் திருகிக்கொண்டிருந்தான். அதிகாரி அவனைக் கேட்டார். "தெரியாது சேர். நான் படம் எடுக்க மட்டுந்தான் போனேன்."

அவளுக்குள் ஏதோ அறுந்தது. "எங்கப்பாதான் வச்சாரு!" என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்தினாள். "எல்லாருக்கும் தெரியும்! எத்தன தடவ பன்றிக் கறி பங்கு போட்டீங்க? ஜெயம்மா அக்கா, நீங்க சொல்லுங்க. வெள்ளையம்மா சித்தி, உங்க வீட்டுக்குக் கொண்டுவந்து குடுத்தது யாரு?"

ஒரு பங்கை வாயால் ஒத்துக்கொண்டால் எல்லாப் பங்கும் வெளியே வரும். ஜெயம்மா இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். வெள்ளையம்மா தரையைப் பார்த்தாள்.

"பயத்துல உளறுறாங்க சேர்" என்றார் மூக்கையா.

ஜீப்பின் பின் கதவைத் திறந்து அவளை ஏற்றினார்கள். கஜேந்திரன் ஜன்னலோரம் ஓடி வந்தான். "பயப்படாத தனுஜா. பொம்பள ஆளு, சீக்கிரம் விட்டுருவாங்க. வேல கெடச்சிருச்சு. ஹோட்டல்ல சொல்லி லோயர் பாக்கறேன்." அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. அவள் அவன் முகத்தில் துப்பினாள். எச்சில் கன்னத்தில் வழிந்தபோதும் அவன் முதலில் துடைத்தது லென்ஸைத்தான்.

ஜீப் புறப்பட்டது. தனுஜா கண்ணாடிக்குள்ளிருந்து அப்பாவைத் தேடினாள். ஒரு தரமாவது இந்தப் பக்கம் பார்ப்பார் என்று இன்னும் நம்பினாள். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் போனார். அவர் கேட்டது அவள் காதில் நன்றாக விழுந்தது.

"ஐயா, இன்னிக்கு எனக்கு எந்த மலைங்க?"