பொத்தான்காரியின் குரல்

பொத்தான்காரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் போன காலையில், அவளுடைய குரல் மட்டும் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, உதவித்தொகை அலுவலகத்துக்குப் புறப்பட்டுப் போயிற்று. அன்றைக்கு மழை இல்லை, பேருந்துகள் நேரத்துக்கு ஓடின, விசேஷமாக வேறொன்றும் நடக்கவில்லை. குரல் ஏறியதைக் கேட்ட நடத்துனர், இதற்கு டிக்கெட் கிழிப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தார். உட்கார இடம் கேட்காத வரைக்கும் நமக்கென்ன என்று விட்டுவிட்டார். அலுவலகத்தில் அது வரிசையில் நின்றது. நடுவில் புகுந்த ஒருவரை, "பின்னாடி வாங்க, நாங்கல்லாம் வேலை வெட்டி இல்லாமயா நிக்கிறோம்" என்றது. கவுண்டரில் சொல்ல வேண்டியதைச் சொன்னது. சாயங்காலம் திரும்பி வந்து, படுத்திருந்தவளின் தொண்டைக்குள் இறங்கி, "நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றது. ஆளோடு போனபோதும் இதே பதில்தான் கிடைத்துவந்தது.

குரலைக் குறை சொல்வதற்கில்லை. ஆடைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுப்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருப்பது தம்பி ஒருவன். பிறவியிலேயே கைகால் அவன் சொன்னபடி கேட்காது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மேட்டில் வண்டி தள்ளுவதுபோல் தள்ளிக் கொண்டுவர வேண்டும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். அறிவில் குறை சொல்ல முடியாது. செய்தித்தாளில் இருக்கும் தப்பையெல்லாம் கண்டுபிடித்து நாள் முழுக்கச் சிரிப்பான். சின்னப் பிள்ளையாக இருந்தவரை இடுப்பில் தூக்கிப் போனாள். அவன் மீசை வைத்த ஆளான பிறகும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அவள்தான் தூக்கினாள். கடைசியில் டாக்டர் அவளுடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே வெயிட் தூக்கினீங்கன்னா, உங்களைத் தூக்க ஒரு ஆள் தேட வேண்டியிருக்கும்மா" என்றார்.

காலையும் மாலையும் வீட்டுக்கு வந்து தூக்கிவிட, உதவித்தொகை அலுவலகம் வழியாக அரசாங்கமே ஓர் உதவியாளரை அனுப்பும் திட்டம் இருந்தது. அது கிடைக்காவிட்டால் தம்பியை ஊருக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு விடுதியில் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. அவள் அந்த விடுதியை ஒருதரம் போய்ப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. எல்லாக் கட்டில்களிலும் ஆட்கள் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார்கள், திருப்பிவிடும் நேரம் இன்னும் வரவில்லை என்பதால். வீட்டுக்கு வந்து தம்பியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள்.

பிறகுதான் அந்த நடை ஆரம்பித்தது. குறை தெரிகிற மாதிரி போட்டோ வேண்டும் என்றது ஒரு ஜன்னல். குறை நன்றாகத் தெரிகிறது, முகம்தான் தெரியவில்லை என்றது அடுத்த ஜன்னல். ஆஸ்பத்திரியில் குறைக்கு ஒரு சதவீதம் போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சதவீதம் பழையது, புதுசு வாங்கி வா என்றார்கள், தம்பி என்னவோ இடையில் ஓடிப்பழகியிருப்பான் என்பதுபோல. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பதால், எந்த ஜன்னலிலும் இருப்பதில் மோசமானதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இவனால ஒண்ணும் முடியாது சார். ஒண்ணுக்கும் ஆகமாட்டான் சார். யாருக்கும் பிரயோஜனம் இல்ல." அவன் பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். வெளியே வந்ததும், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று அவள் தலையைத் தடவுவாள். பேருந்து நிறுத்தம் வரும் வரை முயன்று, "நல்லா... நடிச்ச... க்கா" என்பான். அவள் சிரிப்பாள். ஆனால் அந்தச் சொற்கள் அவளைத் தின்றன. நாளாக ஆக அவற்றைச் சொல்ல அவளே தேவைப்படவில்லை, வாயைத் திறந்தால் தாமாக வந்தன. குரல் தனியாகக் கிளம்பியதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. வேலைநாட்களில் குரல் அலுவலகத்துக்குப் போகும், அவள் வீட்டில் பேசாமல் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள், டாக்டர் சொன்னதையும் மீறி வலியோடு தம்பியைத் தூக்குவாள். சாயங்காலம் தொண்டை கரகரக்க வந்து சேரும். அதற்காக அவள் வெந்நீர் வைத்துக் குடிப்பாள். வருகிற குரலில் வீட்டுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. தம்பியைப் பார்த்து, "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்றது ஒருநாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் பயம் வந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல வீடுகளில் ஆளே வேலைக்குப் போய்த் திரும்புவதில்லை, இவள் வீட்டில் குரலாவது திரும்புகிறதே என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர்.

வருஷங்கள் போயின. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அலுவலகம் அம்மியைவிடக் கனம், ஆனாலும் நகர்ந்தது. எந்த ஜன்னல் எதற்கு, எந்த அதிகாரி எப்போது முகம் கொடுப்பார், எந்த விதியை எந்த விதி அடித்துவிடும் என்பதெல்லாம் இதற்குள் குரலுக்கு அத்துப்படியாகியிருந்தது. இயந்திரத்தில் கை போன கொத்தனார் ஒருவர் அதனிடம் வழி கேட்டார். காது கேளாத குழந்தையோடு வந்த தாய் கேட்டாள். பார்வையில்லாத ஒருவர், அங்கே உருவம் இல்லாமல் பேசுகிற ஆள் இது ஒன்றுதான் என்பதால் தமக்கு இதுவே வசதி என்றார். இவர்களுக்கெல்லாம் வழிகாட்டிவிட்டு வருவதில் வீடு திரும்ப நேரமாயிற்று. ஒரு சாயங்காலம் வந்து, "கிடைச்சிடுச்சு" என்றது. அந்த ஒரு சொல்லில்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுடைய சாயல் இருந்தது. மறுநாள் அதற்கு அங்கே வேலை எதுவும் இல்லை. இருந்தும் கிளம்பிப் போயிற்று. பிறகு வரவில்லை.

உதவியாளர் வந்தார். அகலமான தோளும் அளவான பேச்சும் உள்ள பெண். தம்பியை வலிக்காமல் தூக்கத் தெரிந்தவர். அவன் விடுதிக்குப் போகவில்லை. அவளுடைய இடுப்பும் மெல்ல நிமிர்ந்தது. குரலைக் கூட்டிவர அவள் ஒரு நாள் அலுவலகம் போனாள். அதைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. ஒரு கிழவர் அழுதுகொண்டே கேட்க, அது பொறுமையாக மறுபடி மறுபடி விளக்கிக்கொண்டிருந்தது. அவள் தூணோரம் நின்று பார்த்தாள். அழுகை வந்தது, சத்தமில்லாமல் வந்தது. கூப்பிடவும் முடியாது, எதைக் கொண்டு கூப்பிடுவாள். திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு, திட்டம் தொடர வேண்டுமானால் பாதுகாவலர் நேரில் வந்து தேவையை வாயால் சொல்ல வேண்டும், தவறினால் உதவியாளர் நிறுத்தப்படுவார் என்று தகவல் வந்தது. அவள் தம்பியைத் தள்ளிக்கொண்டு போனாள். குரல் நான் சொல்கிறேன் என்று முன்வந்தது. கவுண்டரில் இருந்த குமாஸ்தா, "நீங்க இப்ப எங்க ஆபீஸ் மாதிரி ஆயிட்டீங்க. மனுதாரருக்காக நீங்களே பேசினா அது முறையில்லையே" என்றார். குரல் வாதாடிப் பார்த்தது. ஆனால் அந்த விதி அதற்கு அவரைவிட நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தும் அவள் வெறுமனே நின்றாள்.

"என்..." என்றான் தம்பி.

குமாஸ்தா நிமிர்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியிலிருந்து ஒரு சத்தமும் அவர் கேட்டதில்லை. "அக்காவுக்கு..." என்பது வருவதற்குள் பின்னால் இருந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். "தம்பி, கொஞ்சம் சுருக்கமா" என்றார் குமாஸ்தா.

"சுருக்கம்தான்... நேரம்தான்... நீளம்."

யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. தம்பிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "நான்... ஒண்ணுக்கும்... ஆகாதவன்... இல்ல. அவ... சொன்னது... பொய்."

பொத்தான்காரி நாற்காலியின் பிடியை இறுக்கினாள். பொய் என்ற ஒரு சொல் போதும், எல்லாம் ரத்தாகிவிடும். விடுதிக் கட்டில்கள் கண்முன் வந்தன. கூடத்தின் மறுகோடியில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. அது நிற்பது அந்தக் கட்டிடத்துக்குப் புதிது. அதனால் மற்றவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நீங்க... அதைச் சொன்னாத்தான்... எழுதுவீங்க. அதான்... சொன்னா. சொல்லிச் சொல்லி... குரல்... போச்சு. உதவி... வேணும். எனக்கு. இப்ப... அவளுக்கும்."

குமாஸ்தா எழுதினார். அவன் சொன்ன வேகத்திலேயே, ஒரு சொல்லையும் விடாமல் எழுதினார். பழையதைத் தொடர ஒரு மனுவும் அக்காவுக்காகப் புதிதாக ஒரு மனுவுமாக இரண்டுக்கும் முத்திரை போட்டார். பிறகு, எல்லோரிடமும் கேட்கிற பழக்கத்தில், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றான் தம்பி.

குரல் தனியாகப் பேருந்தில் போனதை ஊரில் இப்போது யாரும் பேசுவதில்லை. இன்றும் அது அந்தக் கூடத்தில் வழி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, தேவைப்பட்டவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு அந்தக் கவுண்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடப்படவில்லை என்பதைச் சொன்னால்தான் ஆட்கள் நம்ப மறுக்கிறார்கள். குமாஸ்தா பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தம்பி தொடர்ந்தான், சாயங்காலம் வரை.