பெரியகுளத்தில் ஒரு நாள் உண்ணாவிரதம்

மரண தண்டனையை ஒழிக்கச் சொல்லிப் பெரியகுளம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஈஸ்வரபாண்டி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பந்தலில் அவரோடு நான்கே பேர்.

"காப்பி அஞ்சு நிமிசம் பிந்துனாலே ஊரைக் கூட்டுவீக. நீங்களா பட்டினி கெடக்கப் போறீக?" என்று சிரித்துத்தான் மனைவி நாகஜோதி அவரை அனுப்பியிருந்தாள். பத்து மணிக்கே அவருக்குக் கண்ணைக் கட்டியது.

மதியம் கஸ்தூரியம்மாள் பந்தலுக்குள் வந்தாள். அவளுடைய ஒரே மகனைக் குத்திக் கொன்றவனுக்குப் போன மாதம்தான் தூக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து ஈஸ்வரபாண்டி பதறி எழுந்தார்.

"உக்காருங்கண்ணே. நான் அழுகுறது பத்தாதா? அவனைப் பெத்தவளும் அழுகணுமா?" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் அமர்ந்தாள்.

அவளுக்கு இடம் விட, முன்னால் இருந்த மைக்கை அவர் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அப்போது அவர் வயிறு போட்ட சத்தம் மைக்கில் கடமுடவென்று தெருவுக்கே கேட்டது. மகன் போனபின் முதல்முறையாகக் கஸ்தூரியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மாலையில் பழச்சாறு வந்ததும் முதல் டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கும் உண்டாண்ணே?" என்று அவள் கேட்டாள்.

"உண்டு தாயி" என்று அவர் வாய் முந்திக்கொண்டது.