திரையில் வந்த முகவரி

அவசர அழைப்பு மையத்தில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எங்க இருக்கீங்க?" என்ன ஆயிற்று என்பது அப்புறம்தான். பேசுகிறவர் மயங்கிவிட்டாலும், முகவரி கையில் இருந்தால் வண்டி போய்விடும்.

இணையத் தொலைபேசிக்காரர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். அந்தத் தொலைபேசியின் சின்னப் பெட்டியை எந்த வீட்டு இணையத்தில் செருகினாலும் அதே எண் வேலை செய்யும். எங்கள் திரையிலோ, பெட்டி வாங்கிய அன்று எழுதிக்கொடுத்த முகவரிதான் வரும்.

செவ்வாய் மதியம் ஓர் அழைப்பு. திரையைப் பார்த்தேன். முகவரி, என் வீடு. பெயர், என் மனைவி.

அவள் இறந்து பதினான்கு மாதம். அந்த வீட்டில் இப்போது இருப்பது நான் ஒருவன். நானோ இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

"ஹலோ, ஆம்புலன்ஸ் அனுப்புங்க! இவரு பல்பு மாட்டுறேன்னு ஸ்டூல்ல ஏறி விழுந்துட்டாரு. மண்டையிலேர்ந்து ரத்தம் நிக்கவே மாட்டேங்குது!"

மாமியார். மனைவி இறந்த மாதமே மாமனார் அந்தப் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார். "உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை? நீங்க பேசவா போறீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

"எங்க இருக்கீங்க?" என்றேன். கேட்டே ஆகவேண்டும். நான்கு மாதம் முன்பு அவர்கள் வீடு மாறினார்கள். எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் சொல்ல முடியாது."

"என்னம்மா சொல்றீங்க?"

"போன்ல யாரு கேட்டாலும் அட்ரஸ் சொல்லாதீங்கன்னு எங்க மாப்பிள்ளை சொல்லியிருக்காரு. அவசரத்துக்குப் போட்டா அங்கேயே கம்ப்யூட்டர்ல தெரியும்னாரு. உங்களுக்குத் தெரியலைன்னா நீங்க டூப்பு!"

"அத்தை, நான்தான் மாப்பிள்ளை."

"அடப்பாவி! குரலைக்கூட அப்படியே காப்பியடிப்பாங்கன்னும் அவரே சொல்லியிருக்காரு!"

சொன்னேன்தான். போன் மோசடி பற்றி ஒரு ஞாயிறு முழுக்க வகுப்பெடுத்தேன். ஒரு வார்த்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பின்னாலிருந்து மாமனார் குரல் கேட்டது. "மாப்பிள்ளைதான்டி... சொல்லித் தொலை..." நாக்குக் குழறியது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். லேசில் நிற்காது.

"சுத்தமான துணியை மடிச்சுக் காயத்து மேல அழுத்திப் பிடிங்க. எடுத்தெடுத்துப் பார்க்காதீங்க."

"அதெல்லாம் பிடிச்சாச்சு. நீ பேச்சை மாத்தாதே."

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கழுகம்மா. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் அழைப்புக்குள் வந்தார். அறையிலிருந்த எட்டுத் தலைகளும் திரும்பின.

"சரி, நீ மாப்பிள்ளைன்னா சொல்லு பார்ப்போம். என் பொண்ணு உன்னை எப்படிக் கூப்பிடுவா?"

பதினான்கு மாதமாக அந்தச் சொல் என் காதில் விழவில்லை.

"உம்மணாமூஞ்சி," என்றேன்.

"சத்தமா!"

"உம்மணாமூஞ்சி!"



"ஐயோ மாப்பிள்ளை, எழுதிக்கோங்க." கதவு எண்ணிலிருந்து தெருமுனை மருந்துக்கடை வரை ஒரே மூச்சில் ஒப்பித்தார். "பச்சை கேட்டு. மூணாவது மாடி. லிஃப்ட் ஓடாது. உங்களுக்கு எங்க தெரியப்போகுது, ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தாத்தானே?"

வண்டி ஆறு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. பதினோரு தையல். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போதும், பல்பு எரிகிறதா என்று மாமனார் கேட்டாராம்.

கழுகம்மா ஹெட்போனைக் கழற்றினார். "மிஸ்டர் உம்மணா, இந்தப் பதிவைப் பயிற்சி வகுப்புல போட்டுக் காட்டலாமா?"

"பேரை முழுசாச் சொல்லுங்க மேடம்," என்றேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் போலிருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் வாய் பிளந்து பார்த்தார்.

அன்று மாலை பெட்டியின் பதிவில் முகவரியை மாற்றினேன். பெயரை மாற்றவில்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாமனார் வீடு திரும்பினார். வீட்டுக்கே போனேன். பச்சை கேட். மூன்று மாடி. மணியை அழுத்தினேன்.

"யாரு?" உள்ளிருந்து மாமியார்.

"நான்தான் அத்தை."

"நான்தான்னா யாரு?"

எதிர் வீட்டு வாசலில் ஒருவர் குனிந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன்.

நாக்குத் துளியும் குழறாமல் மாமனார் குரல் வந்தது.

"சத்தமா!"